தரையில் ஒரு சொட்டும் இல்லை

வாரத்துக்கு ஒரு லிட்டர் குடித்தது
என் எண்பத்தெட்டாம் வருடத்து ஃபோர்டு.
குடித்ததை எங்கே விட்டது என்று மட்டும்
சொல்லவே இல்லை.

இரவெல்லாம் அடியில் அட்டை விரித்துவைத்தேன்,
பியர்ப் பெட்டியைப் பிரித்த அட்டை.
காலையில் இழுத்துப் பார்த்தால்
இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் (அது பழைய கணக்கு),
ஒரு பூனைத் தடம்.
பச்சை இல்லை.

ரேடியேட்டரின் விலா எலும்புகளை
டார்ச் அடித்து எண்ணினேன்.
ஹோஸ்களைக் கிள்ளிப் பார்த்தேன்.
வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை,
அழுதால் அங்கேதான் அழும் என்பார்கள்,
வறண்டு கிடந்தது.
ஆயில் குச்சியை உருவினேன்.
மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தால்
வண்டியைத் தலைமுழுகிவிடலாம் என்று
பாதி பயம், பாதி ஆசை.
கறுப்பு. நல்ல கறுப்பு.

மெர்வ் வந்தான் பிரஷர் டெஸ்டரோடு,
டாஃபின் கடையில் நாற்பது டாலர் முன்பணம் கட்டி வாங்கியது.
ரேடியேட்டரின் வாயில் திருகிப்
பதினைந்து வரை அடித்தான்.
முள் நின்றது.
நாங்களும் மூச்சுவிடாமல் நின்றோம்.
பதினான்கு.
காபி ஊற்றிக்கொண்டு வந்தேன்.
பதினொன்று.
எங்கும் ஈரமில்லை, எங்கும் சீறலில்லை,
காதும் காதும் வைத்தாற்போல்
எதுவோ நடந்துகொண்டிருந்தது.
"ஹெட் கேஸ்கட்டாத்தான் இருக்கும், டார்க்கா,"
என்றான், சாவு வீட்டுக் குரலில்.

இரண்டு விஷயங்களை அவனிடம் சொல்லவில்லை.
சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.
முன்கண்ணாடியின் உட்புறம்
எத்தனை துடைத்தாலும் படியும் பிசுக்கு.
ஹீட்டரைப் போட்டால் எழும்
பான்கேக் பாகு வாசனை.
தபால் சுற்றில் வண்டியிலேயே சாப்பிடுகிறவள் நான்,
எங்காவது சிந்தியிருப்பேன்.

வியாழக்கிழமை. மைனஸ் முப்பத்தொன்று.
ஹோலோவ்கோ வீட்டுப் பெட்டியில்
மின்சார பில்லைத் திணித்துவிட்டுத் திரும்பினால்
பக்கத்து இருக்கைக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில்,
புர்யாக்
ரப்பர் மேட்டின் ஓரத்தை மூக்கால் தூக்கி
நக்கிக்கொண்டிருக்கிறது.
முகவாய் மயிரில் பச்சை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பானட்டுக்குள் தேடினோமே, மெர்வ்,
அது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தது.
ஹீட்டர் கோர்.
உள்ளே உட்கார்ந்திருப்பவரின் காலுக்குச்
சூடு தருவதற்கென்றே வைத்த
கையகல ரேடியேட்டர்.
தித்திப்பாக இருக்குமாம் அந்த நீர்.
நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு.

மருத்துவமனைக்கு ஐம்பத்தாறு கிலோமீட்டர்.
பானட்டைத் திறந்தேன்.
கோருக்குப் போகும் ஹோஸ் ஒன்று, வரும் ஹோஸ் ஒன்று,
இரண்டையும் கத்தியால் அறுத்தேன்.
கொதிக்கக் கொதிக்க மணிக்கட்டில் கொட்டியது.
பனியில் முதன்முதலாகப் பச்சையைப் பார்த்தேன்.
சீட்டுக்குப் பின்னால் கிடந்த செம்புக் குழாய்த் துண்டில்
இரு முனைகளையும் செருகிக்
கிளாம்பை இறுக்கினேன்.
இனி எஞ்சின் தன் தண்ணீரைத் தானே சுற்றிக் குடிக்கும்.
எங்களுக்குச் சூடு கிடையாது.

மூச்சு கண்ணாடியில் உறைந்துகொண்டே வந்தது.
லைசென்ஸ் அட்டையால் சுரண்டிச் சுரண்டி
உள்ளங்கை அகலப் பாதையில் ஓட்டினேன்.
புர்யாக் என் கோட்டுக்குள், ஜிப் போட்டு,
தாடைக்குக் கீழே அதன் காது.
ஒருமுறை வாந்தி எடுத்தது.
நல்லது, நல்லது என்று கத்தினேன்.
வெப்பமானியின் முள்
சரியாக நடுவில், ஆடாமல் அசையாமல்.
அந்த வண்டி அத்தனை நன்றாக
ஒருநாளும் ஓடியதில்லை.

டாக்டர் ஃப்ரீசன் கையுறை மாட்டிக்கொண்டே கேட்டாள்:
எப்போது குடித்தது? எவ்வளவு?

மேல்பையில் நோட்டு இருந்தது.
நவம்பர் மூன்று, முக்கால் லிட்டர்.
நவம்பர் பதினொன்று, ஒரு லிட்டர்.
இருபது, ஒன்றேகால்.
தேதியும் கிலோமீட்டரும் அளவும்
ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தேன்.
அவளிடம் நீட்டினேன்.
இரண்டு பக்கம் புரட்டிவிட்டு
நிமிர்ந்து பார்த்தாள்.
"இது வண்டியோடது," என்றாள்.