பதினான்காம் நபர்

ஸ்லைடு பதினேழு.
கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே
மூக்கு விலகிக்கொள்கிறது என்றேன்.
ஆல்ஃபா சைனியூக்ளின், மடிய வேண்டியபடி மடியாத புரதம்,
முகர்குமிழில் முதலில் கட்டிகட்டியாகச் சேர்கிறது.
கருந்திட்டுச் செல்கள் சாவது அதற்கப்புறம்.

"கடைமடையில ஆரம்பிச்சுத் தலைமடைக்கு ஏறுது, இல்லையா மேடம்?"
தலைஞாயிறு தையல்நாயகி கேட்டாள்.
நான்கு பாடநூல் இதை இவ்வளவு சுருக்கிச் சொன்னதில்லை.
பலகையில் அப்படியே எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்:
சிலருக்குக் குடலிலிருந்து,
சிலருக்கு எங்கிருந்தென்றே தெரியாது.

அப்போது அடைக்கலராஜ் எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.
ஏன்டா, வேகுதே என்றேன்.
"நாத்தம் தாங்கலை மேடம்."
எந்த நாற்றம்?

பன்னிரண்டு பேர் சிரித்தார்கள்.
நீடாமங்கலம் ரோட்டில் புழுங்கல் மில்,
மூன்று நாள் ஊறிப் புளித்த தொட்டித் தண்ணீரை
நேற்றுதான் வாய்க்காலில் திறந்துவிட்டிருக்கிறார்கள்.
துப்பட்டா, கைக்குட்டை, ரெக்கார்டு நோட்டு,
கிடைத்ததால் மூக்கை மூடியிருந்தது வகுப்பு.
இழுத்துப் பார்த்தேன்.
காற்று வந்தது.
காற்று மட்டும்.

கூத்தாநல்லூர் மெஹருன்னிஸா சிரிக்கவில்லை.
திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
பிறகு பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.
நான் ஸ்லைடு பதினெட்டுக்குப் போனேன்.

மறுநாள் செய்முறை நேரத்தில்
மூடிபோட்ட பன்னிரண்டு குட்டிக் குழாய்கள்,
எண் மட்டும் ஒட்டியவை.
"க்ளாஸுக்காகத்தான் மேடம்" என்றாள்,
யாரும் கேட்காமலே.
கண்ணைக் கட்டி ஒவ்வொருவராக முகர்ந்தோம்.
கிராம்பு. மண்ணெண்ணெய். பெருங்காயம்.
பிள்ளைகள் பத்து, பதினொன்று எடுத்தார்கள்.
சளிபிடித்த அடைக்கலராஜ்கூட எட்டு.
எனக்கு நாலு,
அதில் இரண்டு குருட்டு ஊகம்.

உடனே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன்:
சைனஸாக இருக்கலாம், வயதாக இருக்கலாம்,
கொரோனா வந்துபோன மூக்காக இருக்கலாம்,
ஒரு எண்ணை வைத்து யாருக்கும் நோய் சொல்லக் கூடாது.
எல்லாரும் குறிப்பெடுத்தார்கள்.
அவ்வளவு வேகமாக அவர்கள் எழுதி நான் பார்த்ததில்லை.

"பன்னிரண்டாவது என்ன?"
"மில் வாய்க்கால் தண்ணி மேடம்."
என் தாளில் அந்த இடத்தில்
'காலிக் குழாய்' என்று இருந்தது.

அட்டவணையில் கடைசி வரிசை நிரப்பாமல் கிடந்தது.
தையல்நாயகி பேனாவோடு காத்திருந்தாள்.
பேர் வேண்டாம், போடு என்றேன்:
நபர் பதினான்கு. பெண். வயது நாற்பத்தேழு.
மதிப்பெண்ணைத் திருத்தாதே.