பதினைந்து பாகை

காலை ஆறே முக்காலுக்கு
கொலன்னாவையிலிருந்து சுமனபால அழைப்பார்.
தாங்கியின் உச்சியில் நின்று
பித்தளைக் குண்டை இறக்கி,
நாடாவில் பசை நிறம் மாறிய இடத்தைச்
சிங்களத்தில் சொல்வார்.
நான் தமிழில் குறித்து
ஆங்கிலத்தில் அனுப்புவேன்.
மூன்று மொழியிலும் அது
நேற்றைவிடக் குறைவு.

எண்ணெய் வெயிலில் பெருக்கும்.
மத்தியானம் அளந்தால் கொஞ்சம் ஆசை காட்டும்.
ஆகவே எல்லாவற்றையும்
பதினைந்து பாகைக்குத் திருத்த வேண்டும் என்பது விதி.
கொழும்பு எந்த மார்கழியிலும் காணாத குளிர்.
அந்தக் குளிரில் வைத்துத்தான்
ஊரின் நாட்களை எண்ணுகிறேன்:
டீசல் நாலரை.
பெற்றோல் இரண்டேகால்.

அடியில் முழங்காலளவு எப்போதும் கிடக்கும்,
குழாயின் வாய்க்கு எட்டாதது.
செத்த இருப்பு என்போம்.
'அதையும் சேர்த்தால் எத்தனை நாள்?'
என்று மேலிடத்தில் கேட்டார்கள்.
சேர்க்காமல் ஒரு தாள், சேர்த்து ஒரு தாள்
இரண்டும் அனுப்பினேன்.
இரவுச் செய்தியில் வாசித்தது
இரண்டாவது.

கப்பல் வராமலில்லை, அதுதான் வேடிக்கை.
கோட்டையில், எங்கள் பதினோராம் மாடி யன்னலில்
கண்ணைச் சுருக்கினால் தெரியும்,
நாற்பதாயிரம் தொன்னோடு
நீரில் தாழ்ந்து நிற்கிறது.
எல்.சி. திறக்க டொலர் இல்லை.
நிற்பதற்கும் நாளுக்குப் பதினெட்டாயிரம் டொலர்.
கப்டன் மரியாதையானவர்:
'காலை வணக்கம். கட்டளைக்குக் காத்திருக்கிறோம்.'
நானும்:
'காலை வணக்கம். காத்திருங்கள்.'
இன்றோடு பத்தொன்பது காலை வணக்கம்.

பஸ் இல்லை. நடந்துதான் வீடு.
மருதானை தாண்டியதும் வரிசை தொடங்கிவிடும்,
தெமட்டகொடை செட் வரைக்கும்.
ஓட்டோவுக்குள் மடங்கிக் கிடந்த இம்தாத்
(பின்கண்ணாடியில் பெயர் ஒட்டியிருந்தது)
எழுந்து காலை நீட்டி,
'எங்க வேல மிஸ்?' என்றான்.

'பேங்கில.'

'நாளைக்கு வருமாம். டீவியில சொன்னான்.'
எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சிரித்தான்.

அந்த செட்டுக்கு நாளைய ஒதுக்கீடு
பூச்சியம்.
பின்னேரம் நாலு மணிக்கு
அந்தப் பூச்சியத்தை அடித்த விரல்
இதோ, பையின் வாரைப் பிடித்திருக்கிறது.

வீட்டுக்குப் போய்ப் படுங்கோ என்று
சொல்லத்தான் வாய் திறந்தேன்.
போனால் இடம் போய்விடும்.
ஒருவேளை நாளன்றைக்கு...
'இடத்த விட்டுடாதீங்கோ' என்று வந்தது.

தலையாட்டிவிட்டு,
போத்தலில் இருந்த பிளேன்டீயை
மூடியில் பாதி ஊற்றித் தந்தான்.
வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.
கை சுட்டது.
எத்தனை பாகை இருக்கும் என்று
என் மூளை, யாரும் கேட்காமலே,
கணக்குப் போடத் தொடங்கிற்று.