பதினோராம் தூண்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பதினோராம் தூணில் ஒரு சுறா
மேல்நோக்கி நீந்துகிறது.
வாலடியில் யாரோ ஒட்டிய தாள்:
499 மட்டும்.

குக்கருக்கு ஒரு வாஷர் வாங்கத்தான் வந்தேன்.
ஓணத் தள்ளுபடி.
பாறசாலைக்காரர்கள் வேன் வேனாய் இறங்க
விலைப்பலகைகள் மலையாளத்தில் கூவ
இப்போது கையில் மூன்று பைகள்.
எதிலும் வாஷர் இல்லை.

சட்டைப் பிரிவில் ஒருவர்
விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
நகக்கண்ணில் அதே நீலம்.
அந்தச் சுறா நீங்களா என்றேன்.
"மீனு எனக்கது. வெல எனக்கதில்ல"
என்றார் றசல்ராஜ்.
"ராத்திரி கிழிப்பேன்,
விடிஞ்சா புதுசு ஒட்டியிருக்கும்.
போன வாரம் 599.
கொறஞ்சிருக்கு பாத்தேளா."

ஒன்றுக்கு ஒன்று இலவசம்.
இரண்டாவது சட்டை அவருக்குத் தோளில் பிடித்தது.
இருந்தும் விடவில்லை.

மழை. பஸ்ஸுக்கு நிற்கையில்
சுறாமேல் சாய்ந்துகொண்டேன்.
மைதாப் பசை காய்ந்திருக்கவில்லை.

குழித்துறைப் பாலம் தாண்டும்போது
கண்டக்டர் என் முழங்கையை
வாய்விட்டு வாசித்தார்,
பிறகு
மீதிச் சில்லறை தந்தார்.