முதல் மிதி

மூன்று வாரம் கீச்சிட்டது.
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
நான்காம் வாரம் கீச்சு நின்று
இரும்பை இரும்பு மெல்லும் ஓசை வந்தது.
பெத்தெஸ்டா சரிவில் நான் இறங்கும்போது
மேய்ந்த ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

கராஜில் ட்ரெஃபோர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்,
காதிலிருந்து பேனாவை எடுத்தார்.
முன்னால் இரண்டுக்கும் இருநூற்று அறுபது பவுண்டு,
தட்டும் சேர்த்தால் ஐநூறை ஒட்டும்,
வியாழக்கிழமை கொண்டு வா.
ஏமாற்றவில்லை. அவர் கூரைக்கும் வாடகை உண்டு,
அவர் பையன் பல்லுக்கும் கம்பி கட்டியாகிறது.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
படுக்கை விரிப்பு மடிப்பவளிடம்
மாதக் கடைசியில் இருந்தது தொண்ணூற்று நான்கு.

பேட் பெட்டி இருபத்தொன்பது.

எங்கள் தெருவில் ஜாக் நிற்காது;
போட்ட உருளைக்கிழங்கு ஆற்றில் போய்த்தான் நிற்கும்.
மூடிக் கிடக்கும் சேப்பலின் பின்புறம் மட்டும் சமதளம்.
மெரெரிட் தன் அலமாரி வேலையின் இடுக்கியைத் தந்தாள்,
பத்திரம் என்றாள், இடுக்கியையா என்னையா தெரியவில்லை.
நெஸ்டா டார்ச் பிடித்தாள், ஒன்பது வயது:
"அம்மா, இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கியா?"
"வெளிச்சத்தை ஆட்டாதே."

எவனோ காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டுகள்.
ஸ்பேனர் மீது ஏறி நின்று குதித்தேன்.
காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்க விடக் கூடாதாம்;
குளியல் அங்கியின் கச்சையால் கட்டித் தூக்கினேன்.
பழைய பேட் கையில் விழுந்தது.
ஒரு பக்கம் நகக்கண் அளவு.
மறு பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் தகடு.
இதை நம்பியா
பள்ளிக்கூட வாசலில் நின்றேன்,
இதை நம்பியா அந்தப் பால் லாரியின் பின்னால்.

தட்டில் விரல் ஓட்டினேன். வரி வரியாகக் கீறல்.
பார்க்காததுபோல் துடைத்தேன்.

மூன்றரை மணி நேரம்.
ட்ரெஃபோருக்கு முப்பத்தைந்து நிமிடம்,
நடுவில் ஒரு தேநீரும்.

பின்னால் எடுத்து வாசலுக்குத் திருப்பினேன்.
மிதித்தேன்.
பெடல் தரை வரை போயிற்று,
படி இருக்கிறதென்று இருட்டில் கால் வைத்தாற்போல்.
கார் தன்பாட்டுக்கு நகர்ந்தது.
நெஸ்டா வெளியே இருந்தாள், சுவர் ஓரமாக.
கைப்பிரேக்கை இழுத்த இழுப்பில்
தோள் இன்னும் வலிக்கிறது.
பின் பம்பர் குப்பைத் தொட்டியை முத்தமிட்டு நின்றது.

பிஸ்டனைத் தள்ளியவள்
அதைத் திரும்ப அழைக்க மறந்திருந்தேன்.
மிதி, மிதி, இன்னொரு மிதி.
நான்காவதில் காலுக்கடியில் ஏதோ கெட்டியாயிற்று.
பிடித்தது.
எனக்கும் பிடித்தது, சொல்ல வெட்கம்தான்.

இரவு இரண்டு மணிக்கு
இடப்பக்க மேல் போல்ட் நினைவுக்கு வந்தது.
முறுக்கினேனா, முறுக்குவதாக நினைத்தேனா?
மழை. நைட்டி மீது கோட்டு. கையில் ஸ்பேனர்.
இறுக்கமாகத்தான் இருந்தது.
வலப்பக்கமும் பார்த்தேன்.
மீண்டும் இடப்பக்கம்.
எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது.
அப்போதுதான் விளங்கியது
கராஜ் பில்லில் எழுதாத வரி:
உனக்குப் பதில் நான் கவலைப்படுகிறேன்,
போய்த் தூங்கு.
என் இருபத்தொன்பது பவுண்டில் அது சேரவில்லை.

வியாழக்கிழமை.
நான் போகவில்லை, ஆனால் வழி அதுதான்.
ட்ரெஃபோர் ஷட்டர் அருகே சிகரெட்டோடு நின்றார்,
காலி லிப்ட் அவர் பின்னால்.
கையைத் தூக்கினார். நானும்.
முனையில் வேண்டியதற்குக் கொஞ்சம் அதிகமாகவே
அழுத்தி நிறுத்தினேன்,
அவர் காதில் அந்த அமைதி விழட்டும் என்று.

அமைதிதான்.
தட்டின் கீறலிலிருந்து ஒரு சின்ன முனகல் தவிர.
அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும்.