எத்தனை மணிக்கு

வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது என்கிறாள் நர்ஸ்,
பேனாவைத் தட்டியபடி.

மணி தெரியாது.
மன்னவனூரில் கேரட் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன்.
கோணி ஊசி பாதியில் நின்றது.
அப்போது ஒன்று.

ஜெயசீலன் ஜீப்பில் பின்சீட்டைக் கழற்றிப் போட்டிருந்தான்,
பூண்டு ஏற்றுவதற்காக.
ஸ்டெப்னி மேல் கம்பளியை மடித்து விரித்து
எமிலி அக்கா மடியில் என் தலை.
கூக்கால் பிரிவு வருவதற்குள் மூன்று.
அவள் முந்தானையைக் கடித்தேன்.
மண்ணெண்ணெய் ருசி.

பூம்பாறைக்கு மேலே ஒரு வளைவில்தான் டவர் கிடைக்கும்.
கேட்காமலே நிறுத்தினான்.
ஒட்டன்சத்திரம் கமிஷன் கடைச் சத்தத்துக்குள்ளிருந்து அவர்:
"என்ன, விலையா? இருபத்திரண்டுதான் போகுது."
"அதில்லைங்க" என்பதற்குள்
பனிக்குடம் உடைந்தது.
தரையில் கிடந்த பூண்டுச் சருகெல்லாம் நனைந்து
காலில் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் மூடுபனி.
அதற்குள் ஒரு காட்டுமாடு,
நடுரோட்டில்,
வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால்களோடு.
ஜெயசீலன் விளக்கை அணைத்தான். ஹாரன் அடிக்கவில்லை.
அது மூச்சுவிட்டது. நான் மூச்சுவிட்டேன்.
"முக்காதே, முக்காதே" என்றாள் அக்கா,
எங்களில் யாரிடம் என்று தெரியவில்லை.
அது விலகும்வரை எத்தனை வந்ததென்று
நான் எண்ணவில்லை.

இதையெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் எழுத முடியாது.
எமிலி அக்கா எட்டிப்பார்த்து
"ஆறு மணின்னு போடும்மா" என்கிறாள்.
நர்ஸ் போடுகிறாள்.

ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிட்டுத் திரும்பும்போது
என் விரலிடுக்கில்
இன்னும் கொஞ்சம் சணல்.