கூலி ஜன்னல்

வேப்பனப்பள்ளி தாண்டி, தார் முடிந்த இடத்தில்
மூன்று வண்டிகளையும் புளியமரத்தடியில் விட்டோம்.
ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு எனக்கு மூன்றாம் ஷிஃப்ட்;
கண்ணுக்குள் இன்னும் லேத் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆட்டுத்தடம் ஒன்று, மாட்டுத்தடம் ஒன்று,
மூன்றாவது யானையுடையது என்றான் திம்மராயன்.
குச்சியால் கிளறிய சாணத்தில் ராகித்தாள்.
"நேத்து போட்டது."
"நேத்து எத்தனை மணிக்கு?" என்று ஷமீனா கேட்டதும்
பாதி சிரிப்பு, மீதி காது ஆகிவிட்டோம்.

உண்ணிச்செடி சட்டையைப் பிடித்து இழுத்தது.
பாறை ஏறுகையில் என் போன்
ஆந்திராவுக்கு வருக என்றது,
பத்தடி இறங்கியதும் கர்நாடகத்துக்கு வருக.
நின்ற இடமோ கிருஷ்ணகிரி ஜில்லாதான்;
ஜோயல் வரைபடத்தின்மேல் சத்தியம் செய்தான்.

பிறகு மரங்களுக்கு நடுவே ஒரு கதவு.
சுவர் இல்லை. நிலையும் கதவும் மட்டும்.
சங்கரப்பா தள்ளித் திறந்து உள்ளே போனான்,
நாங்களும் பின்னாலேயே.
சுற்றிப் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தங்கம் எடுத்த ஊராம்.
எவ்வளவு கிடைத்தது என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு.
வரிசை வீடுகள். ஒவ்வொன்றும் பத்துக்கு எட்டு.
காலால் அளந்தேன்: என் ஓசூர் அறையும் அதே அளவு,
அதற்குக் கூரை உண்டு, வாடகையும் உண்டு.
ஓர் அடுப்படியில் சீத்தாமரம், இரண்டே காய்.
ஒன்று அணில் பார்த்தது.
மற்றதை ஷமீனா துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.

வெடிமருந்து அறை தனியே, தள்ளி.
அதன் சுவர் இரண்டு முழக் கனம்,
ஆள் குடியிருந்த வீட்டுக்கு ஒரு சாண்.

சுரங்க வாய்க்கு வேலி போட்டிருந்தார்கள்,
வேலியை யாரோ எடைக்குப் போட்டிருந்தார்கள்.
ஒருவர் காலை ஒருவர் பிடிக்க
குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம்.
நனைந்த செங்கல் வாசத்தோடு
குளிர் ஏறி முகத்தில் படிந்தது.
ஜோயல் கல் போட்டான். எண்ணினோம்.
நான் நான்கில் இருந்தேன், திம்மராயன் ஆறில்,
வௌவால்கள் கிளம்பிக் கணக்கைக் கலைத்தன.
மறுபடி போடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

கூலி கொடுத்த ஆபீஸில்
ஜன்னல் மட்டும் முழுசாக நின்றது.
குனியாமல் கை நீட்ட முடியாத உயரம்.
கம்பிகள். அடியில் ஒரு கை நுழையும் பிளவு,
அந்தக் கல் விளிம்பு மட்டும் வழுவழுவென்று.

ஜோயல் உள்ளே போய் உட்கார்ந்தான்.
"அடுத்து! நம்பர் சொல்லு!"
சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றோம்.
"நாலு ரெண்டு ஒண்ணு ஏழு" என்றேன்,
யோசிக்கவே இல்லை. என் கழுத்து அட்டை எண்.
உள்ளங்கையில் ஒரு கூழாங்கல் விழுந்தது.
"போன மாசத்தைவிடக் குறையுதே?"
"கேன்டீன் பிடித்தம். தள்ளு."
திம்மராயன் எண் சொன்னான்.
ஷமீனா எண் சொன்னாள்.

சங்கரப்பா குனிந்து
பிளவுக்குள் கையை விட்டான்.
"நம்பர்?"

அவன் லைனை ஆடியில் மூடினார்கள்.
ஜோயலுக்கும் தெரிந்ததுதான்,
கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

சங்கரப்பா கையை எடுக்கவுமில்லை.
கம்பிக்கு அந்தப் பக்கம் ஜோயல்
தரையெல்லாம் துழாவி
இருந்த கல்லையெல்லாம் அள்ளி வைத்தான்.
வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு
"ஓ.டி. சேக்கலையே சார்" என்றான் சங்கரப்பா.
அளவுக்கு மேலே சிரித்தோம்.
வெயில் இறங்குவதற்குள் திரும்பிவிட்டோம்.
கதவுக்கு வெளியே வந்ததும்
அவன்தான் நின்று கொண்டியை மாட்டினான்.

திங்கட்கிழமை கேட்டில் செக்யூரிட்டி
என் பையைத் தடவிக் கூழாங்கல்லை எடுத்தார்.
கல்லெல்லாம் உள்ளே விட முடியாதாம்,
ரெஜிஸ்டரில் எழுதி வைத்துவிட்டுப் போகணுமாம்:
பொருள், எண்ணிக்கை, எதற்காக.
மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
பின்னால் வரிசை
பஸ் ஸ்டாப்வரை போயிருந்தது.