நீலக் கயிறு

பங்குனியில் முகூர்த்தம் இல்லாத நான்கு நாள் கிடைத்தது.
ஓசூரில் லென்ஸ் வாடகை நாளுக்குத் தொள்ளாயிரம்,
பைக்கின் ஆர்.சி. புத்தகம் அடமானம்.
ராயக்கோட்டை தாண்டி
கிரஷர் தூசியில் வெளுத்த புளியமரங்கள் தாண்டி
கேழ்வரகு அறுத்த கொல்லையின் ஓரம்
பாறைக்கும் பாறைக்கும் நடுவே
சாக்கைப் போர்த்திக் கிடந்தேன்.

முதல் நாள் ஒரு கீரி.
மறுநாள் மயில், அதுவும் முதுகைக் காட்டி.

மூன்றாம் நாள் மாலை
இலுப்பை மரத்தடிக்குக் கரடி வந்தது.
குகையிருட்டில் ஒரு துண்டு அவிழ்ந்து இறங்கியது
என்று சொல்ல ஆசைதான்.
பொய்.
துவைக்காத கம்பளி மாதிரி வந்தது,
புழுதியும் சலிப்புமாக.
முதுகில் இரண்டு குட்டி. ஒன்று தூங்கிற்று,
மற்றது தாயின் காதைக் கடித்துக்கொண்டிருந்தது.
உதிர்ந்த பூவை அது உறிஞ்சிய சத்தம்
பந்தியில் கடைசிப் பாயசத்தை
இலையோடு சேர்த்து இழுப்பவரின் சத்தம்.

பதினாறு வருடக் கல்யாணப் பழக்கம்,
"கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கம்மா"
என்று வாய் முனகிவிட்டது.

பார்த்தாள்.

காற்று என்னிடமிருந்து அவளுக்குப் போகிறது என்பது
அப்போதுதான் உறைத்தது.
விரல் ஷட்டரில் இருந்தது, அழுத்த வரவில்லை.
மூக்கைத் தூக்கி
என் வியர்வையை, காலையில் தின்ற புளிச்சோற்றை
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
படித்து முடித்து
அடுத்த பூவுக்குக் குனிந்தாள்.

நான்காம் நாள் விடியலில் ஓநாய்.
"நரிக்குக் காலு குட்டை.
ஸ்டூல் ஒண்ணு நடந்து போனா அது ஓநாய்"
என்று வனக்காவலர் வேடியப்பன் சொல்லியிருந்தார்.
ஸ்டூல் நடந்தது.
காய்ந்த தாளின் நிறத்தில்
தாளுக்குள்ளிருந்தே வந்தது.
வாயில் ஏதோ தொங்கியது, முயல் என்று நினைத்தேன்.
பாறையடியில் நின்று ஒரு முனகல்,
மூன்று குட்டிகள் உருண்டு வெளியே வந்தன.
நாற்பத்திரண்டு படம். ஒன்றுகூட ஆடவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தபோது
ஆட்டுக்குட்டியின் முன்னங்கால்.
அதில் நீல நைலான் கயிறு.
கயிற்றின் மறுமுனையைக் குட்டிகள்
ஆளுக்கொரு பக்கம் இழுத்து விளையாடின.

டீக்கடையில் கெஞ்சப்பா
கேமராத் திரையை வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தார்.
"முடிச்சு என்னுது."
போன வருசம் அஞ்சு உருப்படி போச்சு,
ஆபீசில் நாய் கடிச்சதுன்னு எழுதிட்டாங்க,
நாய்க்குக் காசு கிடையாதாம்.
படம் வேணும் என்றார்.
பிறகு டீயை ஆற்றிக்கொண்டே,
"எந்தப் பாறை?"

பாறை நிறைய இருக்கே என்றேன்.
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெட்டுவது எனக்குச் சுலபம்.
விவாகரத்தான மாப்பிள்ளையை
ஆல்பம் முழுக்க வெட்டிக் கொடுத்திருக்கிறேன்,
பெண்ணின் தோளில் அவன் விரல் மட்டும் மிச்சமிருக்க.
இதிலும் குட்டிகளை வெட்டினேன்,
பின்னால் தெரிந்த குன்றை வெட்டினேன்.
வாய், பல், கால், கயிறு.
இரண்டு பிரதி, காசு வாங்கவில்லை.

கெஞ்சப்பா கயிற்றைப் பார்க்கவில்லை.
நான் வெட்டத் தவறிய விளிம்பில்
பாறை மேல் சிவப்புப் பெயிண்டில்
பாதி எண் ஒன்று இருந்தது.
ஏழாகவோ ஒன்றாகவோ இருக்கலாம்.
கட்டை விரலை அதன் மேல் வைத்தார்.

"இது கிரஷர்காரன் போட்ட குறி.
சித்திரை பொறந்தா வேட்டு வைப்பான்."

படத்தை இரண்டாக மடித்து
சட்டைப்பைக்குள் வைத்தார்.
ஆடுகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன,
லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது.

"குட்டி நடக்குதா?"

நடக்குது என்றேன்.

"ஓடுமா?"